மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி ரூபாய்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் பழைய காசு சேர்க்கிறவர். குறுவை அறுத்துக் கையில் பணம் வந்தால் மற்றவர்கள் நகை வாங்குவார்கள், இவர் காசு கொடுத்துக் காசு வாங்குவார். ஆல்பத்துப் பைகளில் செருகி வைத்து, சாப்பிட்டதும் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்ப்பார். என்னை அப்படிப் பார்த்ததே இல்லை என்றால் சிரிப்பார்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பையனுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்பா, கம்பெனிக்கு அனுப்பினா அசல்தானான்னு பாத்து, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்சுத் தருவாங்க. அப்பதான் மதிப்பு."

"சீல் வச்சுட்டா நான் எப்படிடா தொடுறது?"

"தொட்டுத் தொட்டுத்தான் தேஞ்சு போவுது."

"காசுன்னா தேயத்தான்டா செய்யும். உங்கப்பனும்தான் தேயுறேன், பெட்டியில வைப்பியா?"

கடைசியில் ஒன்றே ஒன்றுக்குச் சம்மதித்தார். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். அவருக்கு அதுதான் உயிர். பையன் சிங்கப்பூர் திரும்பும்போது அனுப்புவதாகப் பேச்சு.

மறுநாள் விடியும்போது அவருக்கு நெஞ்சைப் பிடித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சீர்காழிப் பக்கம் எங்கள் குலதெய்வம். மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டால், குணமானதும் போய் உண்டியலில் போட வேண்டும். நோட்டை முடியக் கூடாது. ஆனால் இப்போது யார் வீட்டில் சில்லறை இருக்கிறது? கீரைக்காரிகூடப் போனில்தான் காசு வாங்குகிறாள். அஞ்சறைப் பெட்டி, சாமி மாடம் எல்லாம் துழாவினேன். ஒன்றுமில்லை. கட்டிலில் ஆல்பம் திறந்து கிடந்தது. அதில் செப்புக் காசும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெள்ளியாக இருந்தால் சாமி சீக்கிரம் கேட்கும் என்று தோன்றியது. உருவி எடுத்து, துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து ஈரத்தோடு முடிந்து, மாடத்தில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, தன் காலால் நடந்தே வீட்டுக்குள் வந்தார். சந்தோஷத்தில் அதிரசம் சுட்டேன். இனிப்பே கூடாது என்று டாக்டர் சொன்னது சட்டியை இறக்கிய பிறகுதான் நினைவு வந்தது. தெருவே தின்றது.

அப்புறம் ஆல்பத்தைப் பிரித்தார்.

"எங்கடா ரூபா? நான் மனசு மாறிடுவேன்னு முன்னாடியே அனுப்பிட்டியா?"

"சத்தியமா இல்லப்பா!"

"பின்ன, ராஜா எறங்கி நடந்தா போனாரு?"

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அதிர்ச்சி கூடாதாம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன் டிக்கெட்டை முன்னால் மாற்றியபோதுதான் தாங்கவில்லை. முடிச்சைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

பிரித்தார். ராஜாவின் கன்னத்தில் கறுப்பும் மஞ்சளுமாகப் பெரிய திட்டு.

"இத இனிமே அனுப்பினாலும் கறைன்னுதான் எழுதித் தருவான்" என்றான் பையன், மெதுவாக.

"ஏங்க, கோயில்ல வேற காசு போட்டுக்கலாம். இத நீங்களே வச்சுக்குங்க."

"என் உசுருக்கு முடிஞ்ச காசு. நீ காச மாத்தினா, சாமி ஆள மாத்திடாதா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் பையன் பக்கம் திரும்பி, "ஒன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன்டா" என்றார்.

"விடுங்கப்பா."

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போனோம். உண்டியல் முன்னால் நின்று கட்டை விரலால் காசைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீயே போடு. என் கை வராது."

போட்டேன். பக்கத்தில் மனுஷன் உயிரோடு நிற்கிறார், அந்தச் சந்தோஷத்துக்கு அளவில்லை. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

பஸ் ஏறித் திரும்பினோம். மாயவரத்தில் வண்டி நின்றதும் கேட்டார்: "காப்பி குடிக்கிறியா?"

"நீங்க குடிச்சா."

"எனக்குத்தான் டாக்டர் கூடாதுன்னுட்டானே" என்று இறங்கிப் போய், எனக்கு மட்டும் ஒன்று வாங்கி வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன்.