சாத்து என்ற சொல்லும் ஏழாவது முடிச்சும்

இதை எழுத ஆறேழு வருஷமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

உத்திரமேரூரில் நாங்கள் ஏழு பேர், வாரச்சந்தை வியாபாரிகள். ஒரே லோடு ஆட்டோவில் சரக்கேற்றி ஊர் ஊராகப் போவோம். சங்கம் வைத்தபோது என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நல்ல பேராக வேண்டுமென்று, கோயிலில் கல்வெட்டு படிக்க வந்த வாத்தியாரைக் கேட்டேன். "சாத்துன்னு வைங்க" என்றார். அந்தக் காலத்தில் திருட்டுப் பயமுள்ள வழியில் சேர்ந்து போன வணிகர் கூட்டத்துக்கு அந்தப் பெயராம். வடமொழியில் சார்த்தம் என்பது தமிழில் அப்படி ஆனதாம். ஐயனாருக்குச் சாத்தன் என்ற பேர் வந்ததும் அதனால்தான் என்று சிலர் சொல்வார்களாம். கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போர்டு எழுதி மாட்டினேன்.

சந்தை முடிந்ததும் தார்ப்பாய்க் கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சு போடுவது எங்கள் வழக்கம். ஏழும் விழுந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார்.

அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சந்தை. மதியமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஏழு பேரில், வளைகாப்பு வீட்டுக்கு வளையல் போடப் போன வளையல்காரம்மாவை மட்டும் காணோம். போனும் எடுக்கவில்லை.

"தரைப்பாலத்துல தண்ணி ஏறிக்கினே கீது செயலாளரே. இன்னா பண்ணலாம்?" என்று டிரைவர் சீட்டிலிருந்தே கேட்டார்.

எனக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. முருகா என்று சொல்லிக்கொண்டே அவளுடைய முடிச்சையும் நானே போட்டேன். "ஏழும் ஆச்சு, எடு" என்றேன். பார்த்தவர்களும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பும்போது கருவாட்டுக்காரம்மா கீழே குதித்தாள்.

"அவ முடிச்ச நீ இன்னாத்துக்குப் போட்ட?"

"பாலம் முழுகிடும்மா."

"கைக்கொழந்தய வூட்ல உட்டுட்டு வந்துகீறா. நாம பூட்டா நடந்தே வருவா. அந்தப் பாலத்துல எறங்குவாளா மாட்டாளா, சொல்லு."

நான் டிரைவர் பக்கம் திரும்பினேன்.

"ஐயனார் பேர போர்டுல மாட்டிக்கினு, மனுஷிய ரோட்ல உட்டுட்டுப் போறியா? பெரிய செயலாளரு."

ஈரக் கயிற்றில் நகம் பிய்ய அந்த முடிச்சை அவிழ்த்தாள். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அரைமணி நேரம் காத்திருந்தோம். ஆற்றுச் சத்தம் சந்தை வரைக்கும் கேட்டது. அப்புறம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வளையல்காரம்மா ஓடி வந்தாள். "உட்டுட்டுப் பூட்டீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தபடி முடிச்சைப் போட்டாள். பாலம் அதற்குள் மூழ்கிவிட்டது. காஞ்சிபுரம் சுற்றி வீடு வந்தோம்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களிடம், செயலாளர் வெள்ளத்திலும் காத்திருந்தார் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். கருவாட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள். வளையல்காரம்மா என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

சாத்து என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். முடிச்சைப் போட்டவன் நான், அவிழ்த்தவள் கருவாட்டுக்காரம்மா. எனக்காக இரக்கப்பட்டுக்கூட அதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.