தண்ணீர் ஊற்ற ஓர் ஆள்

சென்ற சனிக்கிழமை நடந்தவை:

1. அரப்புத்தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டேன்.
2. ஷவருக்குக் கீழே நின்று நெடுநேரம் அலசினேன்.
3. பாதி அரப்பு தலையிலேயே தங்கிவிட்டது. மீதி குளியல் தொட்டியின் வடிகாலை அடைத்துக்கொண்டது.
4. கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரை அழைத்தேன்.
5. அவர் எனக்குக் குப்பை பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஐந்தாவதற்கு விளக்கம் தேவை. வடிகாலிலிருந்து பச்சைச் சேற்றை வழித்தெடுத்தவர், இது என்ன என்று கேட்டார். இலை என்றேன். தலைக்குத் தேய்ப்பது என்று சொல்லுமளவுக்கு என் ஜெர்மன் கைகொடுக்கவில்லை. அவர் என்னை ஜன்னலுக்கு அழைத்துப்போய், கீழே நின்ற பழுப்புத் தொட்டியைக் காட்டினார். தோட்டத்துக் குப்பையைப் பயோடோன்னே என்ற அந்தத் தொட்டியில்தான் போட வேண்டும், குளியலறையில் அல்ல என்று மெதுவாக, திருத்தமாகச் சொன்னார். எனக்குத் தோட்டம் இல்லை. நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

நான் பம்புகளைச் சோதிக்கும் பொறியாளர். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முடி கொட்டுகிறது, முகம் வறண்டு வெடிக்கிறது. குளியலறை அலமாரி முழுக்க பாட்டில்கள். அவற்றின் முதுகில் இருப்பதை வாசித்து வாசித்துச் சலித்துப்போய், எல்லாவற்றையும் நிறுத்தினேன். முகத்துக்குப் பயத்தமாவு, தலைக்கு அரப்பு, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். பயத்தமாவு ஒத்துக்கொண்டது. அரப்பும் சரிவராவிட்டால் முடியை வெட்டிவிடுவதுதான் வழி. அங்கேதான் சிக்கல். விமானம் ஏறும்போது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னா வேணா பண்ணிக்கோ. முடிய மட்டும் வெட்டிக்காத."

எங்கள் ஊர் தியாகதுருகம் பக்கம். அம்மா அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்பவள். ஞாயிறு ஒருநாள்தான் அவள் கை என் தலைக்குக் கிடைக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் சந்தையில் அரப்பு வாங்கி வைத்திருப்பாள். வீட்டுக்குப் பின்னால் கல்லில் நான் குனிந்து உட்கார, ஒரு கையால் சொம்புச் சொம்பாக ஊற்றி, மறு கையால் மண்டையைக் கிளறுவாள். தண்ணீரும் சக்கையும் வாழை அடிக்குப் போய்விடும். "ஆடாத உக்காருடி. இன்னா செக்கா சுத்துற? கண்ண மூடு." கண்ணில் எரியும். பள்ளியில் என் தலையைப் பிள்ளைகள் முகர்ந்து பார்த்துச் சிரித்ததும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஷாம்பு பாக்கெட் வாங்கினேன். நுரைத்தது, ஒரு வாளித் தண்ணீரில் போய்விட்டது. இனி நானே குளித்துக்கொள்கிறேன் என்றேன். "அப்பாடா, ஒரு வேல கம்மி" என்று அம்மா துணி துவைக்கப் போனாள். இருவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

எனவே நான் திரும்பிப்போக முயன்றது ஏதோ பொற்காலத்துக்கு அல்ல. களைப்பாக இருந்தது. வேலை குறையும் என்று நினைத்தேன்.

அடைப்புக் கதையைப் போனில் சொன்னதும் அம்மா இருமும்வரை சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"தண்ணி யாரு ஊத்துனது?"

"நானேதாம்மா. ஷவர்ல."

"அதான் போவல. அரப்புக்கு ஆளு வேணும்டி. ஒருத்தர் குனியணும், ஒருத்தர் ஊத்தணும்."

எளிமை என்று நான் போட்ட கணக்கில் அந்த இன்னொருவர் விடுபட்டிருந்தார். இங்கே அலுவலகத் தோழியைக் காபிக்கு அழைக்கலாம். மூன்று வாரம் முன்னதாகச் சொன்னால் வீட்டுக்கும் வருவாள். என் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வா என்று எந்த மொழியில் கேட்பது?

புதன்கிழமை வேலை முடிந்ததும் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். வெட்டுவதற்கு முன் அந்தப் பெண் என் கழுத்தைத் தொட்டி விளிம்பில் சாய்த்து, நெற்றியில் கையை அணையாக வைத்துத் தண்ணீர் விட்டாள். கண்ணில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சூடு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சொல்லத் தோன்றியது. அவள் குழாயை மூடிவிட்டாள்.

அன்றிரவு வீடியோவில் அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"வெட்டுனத தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லம்மா. எடுத்தாந்துட்டேன்."

"வரும்போது கொண்டா. சவுரி பண்ணிக்கிறேன். எனக்கும்தான் கொண்ட சுண்டக்கா மாதிரி ஆயிடுச்சி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒத்தையில நீ இன்னா பண்ணுவ."

இப்போதைய நிலவரம் இது. என் தலையில் இருப்பது தோள்வரை; ஷாம்பு போட்டு நானே அலசிக்கொள்கிறேன். இடுப்புவரை இருந்த மீதி, வெட்டும் முன் பின்னிய சடையாகவே, கட்டிலுக்கு அடியில் ஊருக்குப் போகும் பெட்டியில் இருக்கிறது. விடுமுறை இன்னும் கிடைக்கவில்லை.