ஜப்பான் கிண்ணத்தின் டீக்கறை

சூடான டீயை ஊற்றியதும் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு வாசனை எழும்; காய்ந்து கிடந்த கரும்புக் கொல்லையில் மோட்டார் தண்ணீர் பாயத் தொடங்கும்போது வருமே, அந்த ஈரமண் வாசனை. டீயின் வாசனை அதற்குப் பிறகுதான் வரும். எங்கோ ஜப்பானில் சுட்ட மண்ணுக்கு எங்கள் மணலூர்பேட்டைக் கொல்லையின் வாசனை எப்படி வந்தது என்று எட்டு வயதில் எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம், ஐம்பதைத் தாண்டியும் தீர்ந்தபாடில்லை.

மாமா, அதாவது என் அம்மாவின் அண்ணன், சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் கள்ளக்குறிச்சி. கப்பல்காரர் வந்தால் டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் வரும் என்று தெருவே காத்திருக்க, இவர் லுங்கிக்குள் சுற்றி எடுத்து வந்ததோ ஜப்பான் பக்கம் போய்வரும்போதெல்லாம் ஒரே ஒரு மண்பாண்டம்! "இன்னாங்க, ஜப்பான் வரிக்கும் போய் சட்டியா வாங்கினு வந்தீங்க? நம்ம சந்தையில கெடைக்கலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது மாமா சிரித்துக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எனக்குத்தான் மானம் போயிற்று.

அந்த மானக்கேடெல்லாம் மாமா வீட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறக்கும் வரைதான். உள்ளே ஏழு உருப்படிகள் இருந்தன. கடையில் அடுக்கி விற்பதை மாமா தொடமாட்டார்; துறைமுகத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கையால் வனைந்து தன் சூளையில் தானே சுடுகிற ஆளைத் தேடிப் போய் வாங்குவார். ஏழில் ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஒன்றின்மேல் கண்ணாடிபோலப் பூசிய கறுப்பு மெருகு வழிந்து பாதியிலேயே நின்றிருந்தது, விறகுச் சாம்பல் படிந்த ஒன்று மழைக்கால விடியலில் கல்வராயன் மலை தெரிகிற நிறத்தில் இருந்தது. இன்னொன்றின் அடியில் மூன்று விரல் தடங்கள். மெருகுக் குழம்பில் முக்கி எடுக்கும்போது குயவர் பிடித்த இடம். என் விரல்களை அந்தத் தடங்களில் வைத்துப் பார்ப்பேன். பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவரின் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

முதலில் வாங்கியதுதான் நான் சொன்ன அந்த வாசனைக் கிண்ணம், ஹாகி என்ற ஊரில் செய்தது. கல்யாணமான புதிதில் வாங்கினாராம். பாஷை தெரியாத குயவர், புதுக் கிண்ணம் ஒன்றையும் தான் வருஷக்கணக்காகக் குடித்த பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். புதியது வெள்ளை, பழையதில் மெருகின் மயிரிழை வெடிப்புகளுக்குள் டீ இறங்கி, உள்பக்கமெல்லாம் பழுத்த கொய்யாவின் நிறம். மாமா புதியதை வாங்கி அத்தையிடம் கொடுத்து, "நான் இல்லாதப்ப தினம் இதுலதான் நீ டீ குடிக்கணும்" என்றார். அத்தையும் அப்படியே குடித்தார். ஒவ்வொரு லீவிலும் வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டியைக்கூட இறக்காமல், மாமா அந்தக் கிண்ணத்தைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "நான் வூட்ல இல்லாத நாளெல்லாம் இதுல கீது, பாரு" என்று என்னிடம் காட்டுவார். கரியாலூர் அருவிக்குப் போனாலும் அது அத்தையின் பையில் துண்டு சுற்றிக்கொண்டு கூடவே வரும்.

பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஐப்பசியில் மூன்றே நாள் காய்ச்சலில் அத்தை போய்விட்டார். மாமா நடுக்கடலில் இருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. அடுத்த வருஷம் மாமா போகிக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். போகிக்கு முன்னால் வீட்டிலுள்ள பாத்திரம் பூராவும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து முகம் தெரிய வைப்பது எங்கள் வழக்கம். கறையோடு ஒரு டம்ளர் இருந்தாலும் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பேசுவார்கள். பூட்டிக் கிடந்த மாமா வீட்டை அம்மா ஒட்டடை அடிக்க, பாத்திரம் என் பொறுப்பு. எனக்குப் பத்து வயது. மாமா வந்ததும் முதலில் எதை எடுத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அது பளிச்சென்று இருக்கவேண்டாமா? அறிவு கெட்டவள், அப்படித்தான் நினைத்தேன். புளிக்கு அந்தக் கறை போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊறப்போட்டேன். எடுத்தபோது கிண்ணம் மல்லிகைப் பூவாக இருந்தது. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இன்னாடி பண்ணிட்ட" என்றார், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமா வந்தார். வழக்கம்போலக் கிண்ணத்தை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"யார் கழுவுனது?"

"நான்தான் மாமா."

கிண்ணத்தை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, "வுடு கண்ணு. நல்லதாப் போச்சு. எத்தினி நாளு அவள வுட்டுட்டுப் போய்ட்டன்னு பாக்கறப்பல்லாம் காட்டிக்கினு இருந்துச்சு" என்றார். சொல்லும்போதே அவர் கட்டைவிரல் கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நிஜமாகவே சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை.

அதற்குப் பிறகு மாமா கப்பலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தார். புதிதாக ஒரு பாண்டமும் வாங்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் அந்த வெள்ளைக் கிண்ணத்தில் டீ குடித்தார், முப்பத்தேழு வருஷம்.

மாமா போன பிறகு ஏழும் என் வீட்டுக்கு வந்தன. கண்ணாடி அலமாரி செல்லரித்துப் போயிற்று. அத்தையின் பதினோரு வருஷம் என் கையாலேயே போயிற்று. அது எந்தச் சூளையில் தேடினாலும் கிடைக்காது. போன போகிக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "இன்னாக்கா, இது மட்டும் உள்ள இவ்ளோ கறையா கீது? பவுடர் போட்டு ஊற வச்சிடட்டா?" என்றாள்.

ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

"வேணாம்மா. அதெல்லாம் எங்க மாமா வூட்லயே இருந்த நாளு."