சைக்கிள்ல போனேன், லாரியில வந்தேன்

இன்னைக்குக் காலையில ஈப்போ பழைய டவுன் முழுக்க சைக்கிள்ல சுத்திட்டு, அப்படியே கோப்பெங் பக்கம் போனேன். "நீங்களும் வாங்களேன்"னு வீட்டுக்காரரைக் கூப்பிட்டதுக்குப் போர்வைய இழுத்துப் போர்த்திக்கிட்டார்.

பழைய ரப்பர் பால்மரத் தோட்டத்து ரோட்டுல இருந்து பார்த்தா சுண்ணாம்பு மலை அவ்வளவு அழகு. சைக்கிள நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டே நின்னேன். முகத்துல பூசின சன்ஸ்கிரீன் வேர்வையோட கண்ணுல இறங்கிடுச்சு. ஒரே எரிச்சல், தாரை தாரையா தண்ணி.

ஒரு காலி லாரி வந்து நின்னுச்சு.

"ஏன்க்கா அழுவுறீங்க?"

"அழுவல அண்ணே. மலை பார்க்க வந்தேன்."

லாரி ஓட்டிட்டு வந்த அண்ணன் என் முதுகுல இருந்த பையைப் பார்த்தார்.

"துணிமணியோட கிளம்பிட்டீங்களா? மலைப் பக்கமெல்லாம் போகாதீங்க லா. பிள்ளைங்க முகத்த நினைச்சுப் பாருங்க."

பையில வாழைப்பழம்தான் இருக்குன்னு சொல்றதுக்குள்ள சைக்கிள லாரியில ஏத்திட்டார். எனக்கும் கால் வலி. பேசாம ஏறிட்டேன்.

எங்க வீடு இருக்குற புந்தோங் வர்ற வரைக்கும் குடும்பம்னா விட்டுக்கொடுத்துப் போகணும்னு புத்திமதி.

வீட்டு வாசல்ல, அரைத்தூக்கத்துல கதவத் திறந்த என் வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கிட்டார்.

"என்னாண்ணே, பொம்பளைய இப்படிக் கண்ணீரோட ரோட்டுல விடலாமா? மன்னிப்பு கேளுங்க."

என்ன தப்பு செஞ்சோம்னே தெரியாம மனுஷன் என்னைப் பார்த்து, "சாரி லா, இனிமே அப்படிச் செய்யமாட்டேன்"னார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் சாரி!

அந்த லாரி அண்ணன் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா? போன தீபாவளி விஷயம் ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு.