இருபத்தேழாம் நம்பர் மட்டும் விழவில்லை

1. வாசலில் பலத்த காவல்

2003 அக்டோபர். பெரம்பலூர்–அரியலூர் ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் சிஸ்டம் அட்மின். ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு லேபில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக, 'அறுபது செகண்டில் அணையப்போகிறது' என்று திரையில் ஒரு பெட்டியைக் காட்டின. சொன்ன சொல் தவறாமல் அணைந்தன. தானாகவே எழுந்து, இரண்டே நிமிஷத்தில் மறுபடியும் அதே அறிவிப்பு. நாலாம் நாள் பல்கலைக்கழக பிராக்டிகல் தேர்வு. வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருகிறார்.

அந்தக் காலத்தில் வைரஸ் என்றால் ஃபிளாப்பியில்தான் வரும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அதனால் லேபுக்குள் நுழைவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். செருப்பை வெளியே விட வேண்டும். ஃபிளாப்பியை லேப் அட்டெண்டர் வளர்மதியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை வாசலோரம் இருந்த இருபத்தேழாம் நம்பர் மிஷினில் போட்டு ஸ்கேன் செய்து, நோட்டில் எழுதி, அப்புறம்தான் உள்ளே விடுவார். ஒருமுறை என் ஃபிளாப்பியையே வாங்கி ஸ்கேன் செய்துவிட்டுத்தான் தந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது.

செய்தி கேட்டு தாளாளர் லேபுக்கே வந்துவிட்டார்.

"எவன் ஃபிளாப்பிலய்யா வந்துச்சு இது? வாசல்ல உக்காந்துக்கிட்டு இந்தம்மா என்ன பண்ணுது? நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடு."

வளர்மதி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். செந்துறையிலிருந்து அரியலூர் வந்து, அங்கே பஸ் மாறி தினமும் வேலைக்கு வருபவர். அவர் வீட்டில் காட்டு வேலைக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். "ஒவ்வொண்ணையும் பாத்துத்தாங்க சார் விட்டேன்" என்றார். தாளாளர் காதில் வாங்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. ஃபிளாப்பிதான் காரணம் என்று எனக்கும் தோன்றியது. பழி என் பக்கம் வரவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

2. கோஸ்ட் போட்டும் தீராத வியாதி

மிஷின் எதுவாக இருந்தாலும், கோளாறு எதுவாக இருந்தாலும், எங்கள் வைத்தியம் ஒன்றுதான்: கோஸ்ட் போடுவது. நன்றாக இருந்த காலத்தில் ஒரு கம்ப்யூட்டரை அப்படியே நகல் எடுத்து வைத்திருப்போம். கெட்டுப்போனதை அழித்துவிட்டு அந்த நகலை இறக்கினால் புதுசு மாதிரி ஆகிவிடும். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு மிஷின்களுக்கு இறக்கினேன். நெட்வொர்க் கேபிளைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பன்னிரண்டும் அறுபதிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தன.

மறுநாளும் அதே கதை. நான் பைத்தியக்காரன் மாதிரி கோஸ்ட் மேல் கோஸ்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட வளர்மதியோ வழக்கமான நேரத்துக்கு வந்து, லேபுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினோரு மணி வாக்கில் கதவருகே வந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க வளர்மதி."

"எல்லா ஃபிளாப்பியும் மொதல்ல போறது இந்த இருபத்தேழுலதான். ஃபிளாப்பில வந்திருந்தா மொதல்ல இதுதானே சார் விழணும்? நேத்துலேர்ந்து பாக்கறேன், இது ஒரு தடவகூட நிக்கல."

திரும்பிப் பார்த்தேன். இருபத்தேழு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அதன் கேபிளை எலி கடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்றைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். லேபிலேயே நெட்வொர்க்கில் சேராத ஒரே மிஷின் அதுதான்.

வைரஸ் வந்த வழி கேபிள்.

3. நான் சிரித்து ஒதுக்கிய மெயில்

ஆகஸ்டிலேயே திருச்சியில் நெட்வொர்க் வேலை பார்த்த நண்பன் எனக்கு மெயில் போட்டிருந்தான். 'ஆபரேட்டிங் சிஸ்டத்தில் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். யாரும் எதையும் திறக்க வேண்டாம், க்ளிக் பண்ண வேண்டாம். கேபிள் வழியாகவே வொர்ம் என்கிற ஒரு வகை வைரஸ் உள்ளே வந்துவிடும். ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது, உடனே போடு.' எங்கள் லேபுக்கு இன்டர்நெட்டே கிடையாது, ஊரில் வேறு யாரையாவது பயமுறுத்து என்று பதில் எழுதினேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் பிரின்சிபால் அறையில் ஒரு பிரச்சினை. அங்கே போன் மோடம் வைத்து இன்டர்நெட் இருந்தது, பிரிண்டர் இல்லை. நான் அந்த அறையிலிருந்து லேப் சுவிட்சுக்கு ஒரு கேபிள் இழுத்து, எங்கள் பிரிண்டரிலேயே பிரிண்ட் எடுக்க வழி செய்துகொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். இன்டர்நெட்டிலிருந்து பிரின்சிபால் கம்ப்யூட்டருக்குள் வந்த வொர்ம், அந்தக் கேபிள் வழியாகத்தான் லேபுக்குள் புகுந்தது. வாசலில் ஆளைப் போட்டு ஃபிளாப்பியைப் பரிசோதித்த நான், பின்பக்கச் சுவரை என் கையாலேயே இடித்துத் திறந்துவிட்டிருந்தேன். கோஸ்ட் நகலும் பழையது, அதிலும் அதே ஓட்டை. எத்தனை முறை இறக்கினாலும் ஓட்டையையும் சேர்த்தேதான் இறக்கிக்கொண்டிருந்தேன்.

நேரே தாளாளர் அறைக்குப் போனேன். மெயில், கேபிள் இரண்டையும் சொன்னேன். "தப்பு என்னோடது சார். அந்தம்மா மேல ஒண்ணுமில்ல."

தாளாளர் கேட்டது ஒன்றுதான்.

"எக்ஸாம் நடக்குமா? அதச் சொல்லு."

"நடக்கும் சார்."

"அப்ப நடத்திட்டு வந்து திட்டு வாங்கிக்க. அந்தம்மாவ உள்ள போயி உக்காரச் சொல்லு."

அன்றைக்கு அவர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நியாயம்தான். அனுப்பவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

பிரின்சிபால் அறைக் கேபிளைப் பிடுங்கினேன். லேபில் எல்லா மிஷின்களையும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றினோம். நண்பன் பேட்சை ஒரு சிடியில் போட்டு திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டேன். "ஒடையலல்ல, பாத்துக்குங்க சார்" என்று கண்டக்டர் சொன்னதற்கு, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. என் பதிலுக்குப் பழிவாங்குகிற மாதிரி, சிடி உறையின் மேல் 'பயமுறுத்துவதற்காக' என்று எழுதியிருந்தான் படுபாவி.

ஒரு மிஷினைச் சுத்தம் செய்து, பேட்ச் போட்டு, அதிலிருந்து புது நகல் எடுத்து, மற்ற எல்லாவற்றிலும் இறக்கினேன். பேட்ச் ஏறிவிட்டதா என்று ஒவ்வொரு மிஷினாகப் பார்த்து, மானிட்டர் மேல் சாக்பீஸால் டிக் போட்டவர் வளர்மதி. டிக் இல்லாத மிஷினில் கேபிள் செருக என்னையும் அவர் விடவில்லை. தேர்வு நடந்தது. எக்ஸாமினருக்கு ஒன்றும் தெரியாது. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. மன்னிப்பு

எக்ஸாமினர் போன பிறகு வளர்மதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லாத்தான் வேலை பாத்தீங்க. அன்னிக்கே நான் வாயத் திறந்திருக்கணும்."

அவர் நோட்டை மூடினார்.

"வேலை போயிடுச்சுன்னு வூட்டுல சொல்லலைங்க சார். சொல்ல வாய் வரல. அதான் மறுநாளும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு எப்பயும் போல பஸ் ஏறிட்டேன். வேற எங்க போறதுன்னு தெரியாமத்தான் இங்க வந்து உக்காந்தேன்."

நான் ஒதுக்கிய ஒரு மெயிலுக்கு ஒரு மனுஷி செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பேட்ச் போடுவதைக் கம்ப்யூட்டருக்குச் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அன்றோடு போயிற்று.

"அடுத்த தடவ அந்த மாதிரி மெயில் வந்தா எங்கிட்டயும் சொல்லுங்க சார்" என்றார். "நான் ஞாபகப்படுத்தறேன்."

சொன்னபடியே செய்தார். 2007-ல் நான் அந்தக் கல்லூரியை விட்டு வரும் வரை, திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் அவருடைய முதல் கேள்வி, "ஏதாச்சும் வந்துச்சா சார்?" சோம்பல்பட்டு 'இல்லை' என்று சொல்லிவிடலாமா என்று பல திங்கட்கிழமைகள் தோன்றியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் ஒருமுறைகூட முடிந்ததில்லை.