அக்காளின் கைப்பேச்சு

அக்காள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்கள் பலருக்கும் அவரது உரத்த குரல்தான் முதலில் நினைவுக்கு வரும். அக்காள் ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். பஞ்சு மில் சத்தத்தில் காது மந்தமாகிப் போனதால் வந்த குரல் அது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில் அக்காள் தலைமகளாகப் பிறந்தார். கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பருத்தி போட்ட குடும்பம். முதல் பருத்தியை எடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மடியில் போடுவோம். கிணறு வற்றி வெள்ளாமை அடுத்தடுத்துப் பொய்த்தபோது, ராஜபாளையம் மில்லுக்கு ஆள் எடுக்கும் வேன் ஊருக்குள் வந்தது. பருத்தி விளைந்த வீட்டுப் பிள்ளை பஞ்சுத் தூசி தின்னப் போவதா என்று அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அக்காள் என்னிடம், “நீ காட்டப் பாருலே, வீட்ட நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

மில்லில் முதல் நாள் பஞ்சுப் பொதியைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணில் ஒற்றியிருக்கிறார். சூப்பர்வைசர் சத்தம் போட, கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எங்கோ வடக்கே விளைந்து லாரியில் வந்த பஞ்சு அது. இதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார்.

பிறகு ஊரே மாறிப்போனது. வேன் வரும் நேரம் பார்த்துத்தான் உலை வைத்தார்கள், கல்யாணப் பேச்சைக்கூட ஷிப்டு பார்த்து வைத்தார்கள். களை எடுக்க ஆள் கிடைக்காமல் நானும் பருத்தியை விட்டு மாங்கன்று வைத்தேன். அதற்குத் தண்ணீர் பாய்ச்ச போர் போட்டதும் தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததும் அக்காளின் சம்பளத்தில்தான். தனக்கென்று அவர் ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு முகமூடி போட்டுப் பேச்சு நின்றுபோனது. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோவார், என்னைக் காட்டுவார், பிறகு கையைத் தன் நெஞ்சில் வைப்பார். தாகம் என்று தண்ணீர் கொடுத்தோம். நெஞ்சு வலி என்று நர்ஸைக் கூப்பிட்டோம். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடியும் அதையே காட்டினார். அக்காள் என்னவோ கேட்கிறார், அது தெரியாமலே போய்விடுவாரோ என்று நான் பதறிப்போனேன்.

அன்று பார்க்க வந்தவர் ஜைனம்பு அக்காள். மில்லில் அக்காளுக்கு அடுத்த மிஷின் வரிசையை, அவர்கள் பேச்சில் ‘சைடை’, பார்த்தவர். அந்த இரைச்சலில் கையால்தான் பேசிக்கொள்வார்களாம். அக்காளின் கையைப் பார்த்ததுமே அவர் கண் கலங்கிவிட்டது. “தம்பி, ஒங்கக்கா தண்ணி கேக்கலய்யா. நீ போயிச் சாப்பிடு, ஒன் சைட நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதா.”

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கீழே போய் நாலு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து, சாப்பிட்ட கையைக் காட்டினேன். அக்காள் லேசாகத் தலையசைத்தார். மறுநாள் விடியலில் போய்விட்டார்.

கூட நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோளில் சுமந்த ஊர்க்காரர்களுக்கும், வேலையை விட்டு வேன் பிடித்து வந்த மில் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் வந்தவர்களைக் கவனித்தபடி நின்றிருந்தேன். சாப்பிடத் தோன்றவில்லை. எதிரே நின்ற ஜைனம்பு அக்காள் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார், என்னைக் காட்டினார், பிறகு கையைத் தன் நெஞ்சில் வைத்தார். நான் போய் இலையில் உட்கார்ந்தேன்.