நாலாம் நம்பர் பாட்டில்

மழை தூற ஆரம்பித்ததும் எங்கள் ஊரில் எல்லாரும் உள்ளே ஓடுவார்கள். கொடியில் கிடக்கும் துணியை அள்ளுவார்கள், கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து விடுவார்கள். அந்த நேரம் பார்த்து டயர் கடை மாடியிலிருந்து ஒருத்தி இறங்கி வருவாள். காலில் ரப்பர் பூட்ஸ், மேலே மஞ்சள் கோட்டு, தோளில் பாட்டில் பெட்டி. ஊர் அவளுக்கு மழைக்காரி என்று பெயர் வைத்திருந்தது. செல்லமாக வைத்த பெயரா, எரிச்சலில் வைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்த்தவள். அவள் ஓடைத் தண்ணீரைப் பிடித்து வருவாள், ஓடையையும் ஏரியையும் கவனிக்கிற நீர்ப்பிடிப்புக் குழுவின் ஒற்றை அறை ஆய்வகத்தில் உட்கார்ந்து நான் அதைச் சோதிப்பேன்.

வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஓடை மேட்டு வயல்களில் கிளம்பி, மாட்டுக் கொட்டகைகள், வண்டி கழுவும் இடம், பட்டறைகள், கடைத்தெரு என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஏரியில் விழுகிறது. அந்த ஏரியைத்தான் நாங்கள் குடிக்கிறோம். ஏதோ ஓர் ஆலை குழாய் வைத்து அழுக்கை விட்டால் ஆளைப் பிடித்துச் சட்டையை உலுக்கலாம். இங்கே அப்படி ஓர் ஆளே கிடையாது. ஒருவர் பயிருக்குக் கூடக் கொஞ்சம் உரம் வீசுவார். ஒருவர் பட்டறை வாசலில் எண்ணெயைக் கொட்டுவார். இன்னொருவர் சாணியை ஓரமாகத் தள்ளி வைப்பார். மழை வந்து அத்தனையையும் கூட்டிப் பெருக்கி ஓடைக்குள் தள்ளிவிடும். யாரைக் கேட்டாலும் "நான் போட்டது ஒரு கைப்பிடிதாங்க" என்பார்கள். பொய்யில்லை. எல்லாரும் நல்லவர்கள்தான், ஏரி மட்டும் பாசி பிடித்து நாறுகிறது.

அதனால் மழை பெய்து அழுக்கு இறங்கும்போதே தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஓடை நெடுக எங்களுக்குக் குறித்த இடங்கள் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பாட்டில், அதன் மேல் பெயிண்டில் எழுதிய நம்பர். பாட்டில்களை ஆய்வகத்தில் நானே அமிலத்தில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் யாரும் கழுவக் கூடாது, ஓடையில் அலசவும் கூடாது, நேரே முக்கி எடுக்க வேண்டும். இறங்கி நிற்கும்போது தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். காலில் கலங்கும் சேறு முதுகுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் வருவதை மட்டும் பார், பின்னால் திரும்பாதே என்பது முதல் பாடம். அக்கா அதைக் கோயில் விரதம்போலக் கடைப்பிடித்தாள்.

நாலாம் நம்பர் இடம் அவளுடைய தம்பியின் காய்கறி வயல் முடியும் இடம்.

வினையே அங்கேதான். சில வருஷங்களுக்கு முன்னால் நாலாம் நம்பரில் உரச்சத்து எக்கச்சக்கமாக வந்தது. வயலுக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு பட்டை நிலத்தை உழாமல் புல் வளர்க்க விட வேண்டும், அது உரத்தை வடிகட்டும் என்று குழு முடிவு செய்தது. மற்ற வயல்காரர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். தம்பிக்கு மட்டும் மூக்கின் மேல் கோபம். கூடப் பிறந்தவளே பாட்டிலைக் கொண்டுவந்து தன் வயிற்றில் அடித்துவிட்டாள் என்று நினைத்தான். நிலத்தை விட்டான், அக்காவையும் விட்டான். அன்று நின்ற பேச்சு நின்றதுதான். வயல் பக்கம் வரக் கூடாது என்று ஆள்விட்டுச் சொன்னான். அக்கா எதிர்க்கரை வழியாகச் சுற்றி வந்து, அவனுடைய மோட்டார் கொட்டகைக்குச் சற்று மேலே ஓடையில் இறங்குவாள்.

அவளுக்கு வேறு யாரும் இல்லை. புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது, பிள்ளை இல்லை. அந்த மாடி அறையில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஜன்னலோரம் அடுத்த மழைக்கான பாட்டில்கள் அடுக்கிய தட்டு. கீழே டயரில் சுத்தியல் விழும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். வெளியே கிளம்பும்போது ரேடியோவை அணைக்க மாட்டாள். "கரண்ட் காசு மரத்துலயா காய்க்குது?" என்று ஒருநாள் வம்பிழுத்தேன். "கதவைத் திறக்கும்போது யாரோ பேசிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்டி" என்றாள். அதற்கு மேல் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அந்த அறைக்கு வருகிற ஒரே ஆள் தம்பியின் மனைவி. சனிக்கிழமை சந்தைக்கு வரும் சாக்கில், புருஷனுக்குத் தெரியாமல் மாடியேறி ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். தம்பிக்கு முட்டி வலி, பெரியவனுக்குப் பரீட்சை, வெண்டையில் பூச்சி என்று அவள் சொல்லச் சொல்ல அக்கா வாயைப் பிளந்து கேட்பாள். அந்த ஒரு டீயை வைத்துத்தான் அடுத்த சனிக்கிழமை வரை ஓட்டினாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். புல் பட்டை நன்றாக வளர்ந்துவிட்டது, மற்ற வயல்களின் பாட்டில்களில் உரச்சத்து இறங்கிக்கொண்டே வந்தது. நாலாம் நம்பரில் மட்டும் இந்த மழைக்காலம் ஏறியது. அடுத்த மழைக்கு இன்னும் ஏறியது. குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர், "அந்தாளு திருட்டுத்தனமா உரம் கொட்டுறாரு. பட்டையை அகலமாக்கிட வேண்டியதுதான்" என்று கூட்டத்துக்குத் தேதி வைத்தார். சேதி கேட்டுத் தம்பி என் ஆய்வக வாசலில் வந்து நின்று கத்தினான். "இன்னும் ஒரு அடி எடுத்தாங்கன்னா எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லவே இல்ல. செத்தாலும் வரமாட்டேன், போய்ச் சொல்லுங்க!"

போய்ச் சொன்னேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது. "கோவத்துல சொல்லுவான், மனசுல வச்சுக்க மாட்டான்" என்றாள். அது அவளுக்கே நம்பிக்கையில்லாத பேச்சு.

எனக்கு ஏதோ உறுத்தியது. போன மழையில் தண்ணீர் பிடித்து வந்த நாலாம் நம்பர் பாட்டிலை எடுத்து வெறுமனே ஒரு குலுக்குக் குலுக்கினேன். நுரை வந்து, போகாமல் அப்படியே நின்றது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை. வயலில் எங்கேயம்மா எலுமிச்சைச் சோப்பு?

அன்று சனிக்கிழமை. நேரே மாடிக்குப் போனேன். அக்கா பால் வாங்கப் போயிருந்தாள். தொட்டியடியில் தம்பி மனைவி நின்று, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, நாலாம் நம்பர் பாட்டிலைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றேன். போட்ட சத்தத்தில் பாட்டில் அவள் கையிலிருந்து நழுவியது.

"ஒண்ணுமில்லைங்க. அண்ணிக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. எங்க வயல் தண்ணி இதுலதானே போகுது? அதான்... நம்ம பாட்டில் மட்டுமாவது பளிச்சுன்னு இருந்தா ரிசல்ட் நல்லா வரும்ல? நல்லா வந்தா இவங்க ரெண்டு பேரும் பேசிக்குவாங்கல்ல?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாங்கள் உரச்சத்து என்று தேடுகிற அதே பாஸ்பேட் அந்தச் சோப்பிலும் இருக்கிறது. இந்த மழைக்காலம் பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும், அக்கா பால் வாங்கப் போகிற நேரம் பார்த்து, தன் புருஷனுடைய குற்றப்பத்திரிகையை இவளே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாலோடு கதவருகில் நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அவள் போனதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "கூட்டத்துல நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க. முடிஞ்சது கதை."

"சொன்னா அவ இங்க வந்து போறது தம்பிக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவளையும் விடமாட்டான்."

"சொல்லலைன்னா நிலம் போகும். தம்பியும் போயிடுவாரு."

"ரெண்டும் போகாம ஒரு வழி இருக்கு" என்றாள். "நீ மட்டும் வாயை மூடிட்டு இரு. அது உனக்குக் கஷ்டம்தான்."

அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். அங்கே நுரையைக் காட்டினேன். நாலாம் நம்பர் கணக்கெல்லாம் செல்லாது, பாட்டிலில் சோப்பு இருக்கிறது என்றேன். யார் போட்டது என்று தலைவர் கேட்டார். அக்கா எழுந்தாள்.

"நான்தாங்க. பாசி புடிச்ச மாதிரி இருந்துச்சு. யோசிக்காம கழுவிட்டேன்."

கடைசி வரிசையில் தம்பி எழுந்தான். பக்கத்தில் அவன் மனைவி தன் பையின் வாரைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தாள். "நாலாம் நம்பரை மட்டும் யோசிக்காம கழுவுனியா?" என்று கேட்டான். "என் மேல கோவம்னா நேர்ல வந்து நாலு அறை அறைஞ்சிருக்கலாமே, அக்கா." இத்தனை வருஷம் கழித்து அவன் அவளோடு பேசிய முதல் பேச்சு அது. அக்கா உட்கார்ந்தாள். எனக்கு நாக்கு துடித்தது. கொடுத்த வாக்கை நினைத்து மென்று விழுங்கினேன்.

பட்டை இருக்கிறபடியே இருக்கட்டும், புதுப் பாட்டிலில் மறுபடி பார்ப்போம் என்று முடிவானது. பாட்டில் பெட்டி அக்காவிடமிருந்து பறிக்கப்பட்டு என் தோளில் ஏறியது. அவளை அலுவலகத்தில் கோப்பு அடுக்கச் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை அக்கா இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தம்பி மனைவி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. புருஷன் தடுத்தானா என்று விசாரித்தேன். அப்படியெல்லாம் இல்லை, அவளுக்கு அக்கா முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லை. அக்கா பொய் சொன்னதே அந்த ஒரு டீக்காக. அதுவும் போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

பிறகு ஒரு பகலில் மழை பிடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலாம் நம்பரில் இறங்கினேன். அக்காவின் கட்டுப்பாடு எனக்கு ஏது? கால் வழுக்கி, பாட்டிலோடு அப்படியே பின்பக்கம் திரும்பிவிட்டேன். மோட்டார் கொட்டகை ஓரமாகச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"அவ வரலையா?" என்றான்.

"வரமாட்டாங்க. பாட்டில் வேலையிலிருந்து எடுத்தாச்சு."

"இனிமேலுமா?"

"இனிமேலும்தான். உங்களுக்கு நிம்மதிதானே?" என்றேன் வெடுக்கென்று.

அவன் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இந்த இடம் வழுக்கும். வயசாகுது, விழுந்து கிடந்தா தூக்க யாரு இருக்கா? அதான் மழை வந்தா இங்க வந்து நின்னுக்குவேன்."

"எப்போதிருந்து?"

"எப்பவுமேதான்."

"ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே!"

"அவ திரும்பியே பார்க்க மாட்டா."

"திரும்பக் கூடாதுய்யா! அதுதான் வேலை!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் எவ்வளவு கேட்டதோ தெரியாது. அவன் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு வயலுக்குள் போய்விட்டான்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி மாடிக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரேடியோவை அணைத்தாள்.

"குடை வச்சிருந்தானா?"

"இல்லை. சாக்குதான்."

"அவனுக்குத் தலை நனைஞ்சா ஆகாது. சின்ன வயசுலயே இழுப்பு வரும்." கட்டிலுக்கடியிலிருந்து பூட்ஸை எடுத்து மாட்டினாள். கோட்டைப் போட்டாள். கதவு வரை போனாள். வெளியே மழை வலுத்துக் கொட்டியது. அங்கேயே நின்று வெறுங்கையைப் பார்த்தாள்.

"என்னன்னு சொல்லிட்டுப் போறதுடி?" என்றாள். "கையில ஒரு பாட்டில் கூட இல்லையே."

கோட்டைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினாள்.